வெள்ளிக்கிழமை கேட்ட மோர்

நாள்: 15.11.1986. பெயர்: ராமக்காள், வயது 49, கணவர் பெயர்: காலஞ்சென்ற மாது. தொழில்: கறவை மாடு வளர்ப்பு. விலாசம்: கடைத்தெருப் பின்சந்து, பாப்பிரெட்டிப்பட்டி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இறந்துபோன தையல்காரர் முகம்மது கவுஸ் என் அடுத்த வீட்டுக்காரர். முப்பது வருடங்களுக்கு முன் நான் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்தபோது முதல் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். கை பிடிக்கிறது என்று சொன்னதற்கு, மாடு கறந்தே கை பெருத்துவிட்டது என்று கேலி செய்தார். அதன் பிறகு என் கணவர் இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டார். அந்தப் பொந்து வழியாக நாங்கள் மோர் கொடுப்போம், நோன்பு மாதத்தில் அவர்கள் கஞ்சி கொடுப்பார்கள். அந்தக் கஞ்சி வாசம் வந்த சாயங்காலங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

இந்த ஆடியில் பாய்க்குக் குடலில் புற்று என்று சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து ஒரு முழம் குடலை எடுத்தார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவருக்கு எது சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்கவில்லை. மருந்தில் குடலின் நல்ல கிருமிகளும் செத்திருக்கும், அதனால் மோரும் அந்தக் கிருமிகளுக்குத் தீனியாகக் கூழும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி ஷரீபுன்னிசா என்னிடம் சொன்னார். அதன் பிறகு தினமும் காலையில் புளித்த கேழ்வரகுக் கூழில் மோர் கரைத்துப் பொந்து வழியாகக் கொடுத்துவந்தேன். ஐப்பசியில் பாய் எழுந்து மெஷினில் உட்கார்ந்து எனக்கு ஒரு ரவிக்கை தைத்தார். இந்த முறை கை பிடிக்கவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு ஷரீபுன்னிசா பொந்தருகே வந்து, தங்கள் வீட்டு மோர்ச்சட்டியைப் பூனை உருட்டிவிட்டது, பாய் ஒரு டம்ளர் மோர் கேட்கிறார் என்றார். விளக்கு வைத்த பிறகு பால், மோர் வெளியே கொடுத்தால் வீட்டு லட்சுமி போய்விடும் என்று எங்களில் கொடுப்பதில்லை. விடிந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். பாய் உள்ளே இருந்து சிரித்தார்.

"வுடு ஷரீபு. அவங்க வூட்டு லட்சுமி அவங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

இன்று காலை ஆறு மணிக்கு மோர் கரைத்த கூழ்ச் சொம்போடு போனபோது பாய் இறந்து கிடந்தார். அதன் பிறகு அவர் தம்பி மஸ்தான், தினமும் நான் கொடுத்த கூழில்தான் ஏதோ கலந்திருந்தது என்று சொன்னார். உடனே நான் எல்லோர் முன்னிலையிலும் கையிலிருந்த கூழைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

நான் எதையும் கலக்கவில்லை. கேட்ட மோரைத்தான் கொடுக்கவில்லை. மஸ்தான் கொடுத்த புகாரில் அது இல்லை என்று போலீஸார் சொன்னார்கள். நானாகத்தான் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது.

(ராமக்காள், இடது கைப் பெருவிரல் ரேகை)