ஒரே வார்ப்புருவில் நானூறு புரொசீஜர்களை வார்த்தெடுத்த எங்கள் அக்காவுக்கு

அட்டவணைகளுக்கெல்லாம் அன்னையே! அடங்காத குறிச்சொற்களையும் அடக்கி ஆண்ட அரசியே! இருபத்தெட்டு ஆண்டுகள் டேட்டாபேஸ் பிரிவைத் தாங்கி நின்று, இன்று மாலை எங்களிடம் விடைபெறும் அன்பு அக்கா அவர்களே! “போதும்ப்பா, உக்காருங்க” என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இன்று ஒருநாள் எங்கள் கை ஓங்கியிருக்கிறது; வாசித்து முடிக்கும்வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.

மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளைக் காப்பது நம் தொழில். நீங்கள் வந்த காலத்தில், ஒவ்வோர் அட்டவணைக்கும் தகவலைச் சேர்க்க புரொசீஜர் எனும் சிறு நிரல் ஒன்று, திருத்த ஒன்று, தேட ஒரு ஃபங்ஷன் எனக் கையால் எழுதியே கையொடிந்து கிடந்தனர் நமக்கு முன்னிருந்தோர். நீங்களோ திறந்தால் மூட வேண்டிய எக்ஸ்எம்எல் குறிச்சொற்களால் ஒரே ஒரு வார்ப்புருவை எழுதினீர்கள். அட்டவணையின் விவரத்தைக் கொடுத்துப் பொத்தானைத் தட்டியதும், நானூற்றுப் பன்னிரண்டு புரொசீஜர்களும் பிழையின்றி, பிசிறின்றி, ஒரே முகச்சாயலோடு பிறந்தன. எங்களுக்கு நீங்கள் இட்ட கட்டளை ஒன்றே: பிறந்ததைத் தொடாதே, வார்ப்புருவைத் திருத்து.

கூட்டத்தில் கொட்டாவி விட்டவரை நீங்கள் கடிந்ததில்லை. திறந்த குறிச்சொல்லை மூடாமல் விட்டவரை விட்டுவைத்ததுமில்லை.

அந்தக் கட்டளை மீறப்பட்ட கதையைச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், குழந்தையின் எடைக்கு மிஞ்சிய மருந்தளவைத் தடுக்கும் சோதனை வேண்டுமென ஒரு மருத்துவமனை கேட்டது. எங்களுள் ஒருவர் அவசரத்தில் வார்ப்புருவை விட்டுவிட்டு, உருவான புரொசீஜரிலேயே அதைச் செருகினார். மறுவாரம் நீங்கள் பொத்தானைத் தட்டினீர்கள். எல்லாம் புதிதாய்ப் பிறந்தன. வார்ப்புருவில் இல்லாத அந்தச் சோதனை மட்டும் காணாமற்போயிற்று. மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான அளவு பதிவானது. மருந்தாளுநர் கண்ணில் பட்டதால் குழந்தை தப்பியது.

செய்தவர் பெயர் மாலைக்குள் தெரிய வேண்டும், அவரை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்றார் மேலாளர். யார், எப்போது மாற்றினார் என்ற பதிவு உங்கள் திரையில் திறந்தே இருந்தது. நீங்கள் சொன்னது இவ்வளவுதான்:

“ஒரு ஆஸ்பத்திரிக்கு மட்டும் வேணுங்கிற சோதனைக்கு என் வார்ப்புருவுல இடமே இல்ல சார். அத விட்டது நான். எம்மேல எழுதிக்குங்க.”

அவ்வாண்டு உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஆனால் மறுநாளே வார்ப்புருவில் அதற்கென ஒரு புதுக் குறிச்சொல் வந்தது. அன்றுமுதல் எத்தனை முறை பொத்தானைத் தட்டினாலும் எந்தச் சோதனையும் அழிந்ததில்லை.

இனி அந்த வார்ப்புருவை நாங்கள் பார்த்துக்கொள்வோம், எங்களால் முடியும். கவலையற்ற உறக்கமும், கண்ணாடி தேடாத பார்வையும், வலியறியா முழங்காலும் வாய்த்து, நூறாண்டு நீங்கள் நிறைவாய் வாழ்க!

சட்டமிட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் இம்மடலில் இன்னும் ஒரு வரி இருந்தாக வேண்டும். மேலாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரும் கேட்கட்டும். அன்று நீங்கள் சொல்லாமல் விட்ட பெயர், இதை எழுதி உங்கள் முன் நின்று வாசிக்கும் என்னுடையது.

நன்றி மறவாத,
டேட்டாபேஸ் பிரிவினர்