நூரைனுக்குப் போட்டுக்கொடுத்த லினக்ஸ்

லினக்ஸுக்கு ஏன் மாறினீர்கள் என்று கேட்டீர்கள், இளஞ்செழியன் சார். உங்கள் கல்லூரிக் கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் எனக்கு லேப்டாப் சர்வீஸ் கடை. அங்கே வந்துபோகும் வெள்ளைக்காரர்களிடம்தான் இந்த இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டேன். வைரஸ் தொல்லை கம்மி. பழைய மெஷினும் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு அப்டேட் போட்டுக்கொண்டு, வேலைக்கு நடுவில் அணைந்து எழும். லினக்ஸில் என் பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு துரும்பு அசையாது. மனைவி போன பிறகு எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

சுல்தானாவைக் காய்ச்சல் என்று வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உயிரோடு திரும்பவில்லை. வீட்டில் மிச்சம் நானும் மகள் நூரைனும். காலையில் அடுப்படியில் நூரைன் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வரும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

நூரைன் நன்றாகப் படம் வரைவாள். வடக்கே ஒரு டிசைன் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நுழைவுத் தேர்வை வீட்டிலேயே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம். அந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.

"கெடச்சா உங்களையும் கூட்டினு போயிடுவேம்பா" என்றாள்.

பெண்கள் விடுதியில் அப்பனுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? சிரித்துவைத்தேன். தேர்வுக்கென்று ஒரு மென்பொருள் அனுப்பியிருந்தார்கள். சரியாக ஓடுகிறதா பாருங்கள் என்று என்னிடம்தான் கொடுத்தாள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்பதை அப்போதே பார்த்துவிட்டேன்.

தேர்வு சித்ரா பௌர்ணமியன்று விழுந்தது. வடக்கே இருப்பவர்களுக்கு அது என்ன தெரியும்? அன்றைக்கு நம் ஊரில் கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஆட்டோ உள்ளே வராது. கூட்டத்தில் போனும் எடுக்காது. முதல் நாள் அவள் லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துப்போய், வரைந்ததையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸை அழித்து லினக்ஸைப் போட்டேன். கடையில் விண்டோஸோடு இருந்த மற்ற மெஷின்களை அன்றே அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவளுடைய படம் ஒன்றுகூடத் தொலையவில்லை. வேலையில் நான் சுத்தம்.

காலையில் திறந்து பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாப்பா இது?"

"வைரஸ் ஜாஸ்தி ஆயிடுச்சும்மா. உன் படமெல்லாம் போயிடுமேன்னு மாத்திட்டேன்."

"எக்ஸாம் சாஃப்ட்வேர் இதுல ஓடாதேப்பா."

"அது எனக்குத் தோணவே இல்லியேம்மா" என்றேன்.

வேங்கிக்காலில் அவள் தோழி எழிலரசி வீட்டில் விண்டோஸ் இருந்தது. போன் போகவில்லை. நடந்தே போய்விடலாம் என்று கிளம்பினாள். தனியாக அனுப்ப மனம் வராமல் நானும் கூடப் போனேன். ஜனமெல்லாம் கிரிவலம் வருகிற பாதையில் நாங்கள் இருவர் மட்டும் எதிர்த்திசையில். எனக்கு முட்டி வலி என்றேன். அவள் நின்றாள். தண்ணீர் வேண்டும் என்றேன். மறுபடியும் நின்றாள். என்னை விட்டுவிட்டு ஓடியிருந்தால் நேரத்துக்குப் போயிருப்பாள். என் கையை விடவே இல்லை.

எழிலரசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேர்வுக்குள் நுழையும் நேரம் முடிந்திருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை.

அவள் கல்லூரிக்கு நடந்ததை எழுதிப்போட்டிருக்கிறாள். சில நாள் கழித்து அங்கிருந்து ஒரு அம்மா என் நம்பருக்குக் கூப்பிட்டார். கணினிக் கோளாறால் எழுத முடியாதவர்களுக்கு மறுதேர்வு உண்டாம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இனி படிப்பதாக இல்லை என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தார்.

"காலேஜ்லேர்ந்து போன் வந்துச்சாப்பா?" என்று தினமும் கேட்பாள்.

"வரலியேம்மா" என்பேன். ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகுதான் அவளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்தேன். லினக்ஸ் பற்றி நீங்கள் கடையில் கொடுத்துவிட்டுப் போன துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, "கட்டற்ற மென்பொருள்னு போட்டிருக்குதே, கட்டற்றதுன்னா இன்னாப்பா?" என்று கேட்டாள். யாரும் நம்மைக் கட்டிப்போட முடியாது என்று அர்த்தம் என்றேன். தலையாட்டினாள். இப்போது கடையில் மற்றவர்களுக்கு அவள்தான் போட்டுக்கொடுக்கிறாள். வரைவதில்லை. நான் வாங்கி வைத்த பென்சில்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் அந்தப் பழைய நூரைன் இல்லை.

போன மாதம் நீங்களே வந்து, சென்னையில் லினக்ஸிலேயே படம் வரையச் சொல்லித்தருகிறார்கள், தங்க இடமும் உண்டு, அனுப்புங்கள் என்றீர்களே. அன்றைக்கே அவளிடம் சொன்னேன். மறைக்கவில்லை.

"வேணாம்பா. அதெல்லாம் எனக்கு வராது. நான் இங்கயே இருந்துட்றேன்" என்றாள்.

அது அவளாக எடுத்த முடிவு. நான் வற்புறுத்தவில்லை. பெற்ற பெண்ணின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கிற தகப்பன் நான் இல்லை, சார்.