கதவு ஐந்தாம் அலகில் வருகிறது

செங்கல் சுவருக்கு உள்ளே வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் டீன், முனைவர் வைத்தீஸ்வரன் அவர்களே! அவரை உள்ளே வைத்துவிட்டு வெளியே விழித்துக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே! செங்கல் சுமந்து சட்டை கிழிந்த அலுவலக ஊழியர்களே! பிள்ளைகளின் திறமையைப் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பி வந்து, எங்கள் திறமையைப் பார்த்து வாயடைத்துப்போன தாய்மார்களே, பெரியோர்களே! கைபேசியைத் தூக்கிப் பிடித்து எங்கள் மானத்தை உலகெங்கும் பரப்பிக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! செம்பாக்கம் ஏரிக் காற்றே, உன்னையும் சேர்த்து அனைவருக்கும் வணக்கம்!

யாரம்மா அது, "துளசிங்கம் சார், சுருக்கமா பேசுங்க" என்பது? எப்படியம்மா முடியும்? நான் நிறுத்தினால் விழா முடிந்துவிடும். தலைவரை உள்ளே வைத்துவிட்டு விழாவை முடிக்கலாமா? நாட்டுப்பண் பாடினால் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்?

தாமதமாக வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் செய்முறைக் கற்றல் மையம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பாடத்தைப் பலகையில் எழுதியே பழகிய ஆசிரியர்களுக்கு, அதே பாடத்தை மாணவர்களின் கையில் கொடுப்பது எப்படி என்று சொல்லித்தருவதுதான் மையத்தின் வேலை. உன்னதமான வேலை! உயர்ந்த வேலை! அதற்குப் பொறுப்பாளர் யார்? நான். தமிழ்த் துறைக்காரன். என் வீட்டில் பல்பு மாற்றவேண்டுமென்றால், என் மனைவி முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்டூலை எடுப்பாள். அப்படிப்பட்டவனை எப்படிப் போட்டார்கள்? பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் ஒருவன்தான் போகவில்லை.

முதல் திட்டம் கட்டுமானத் துறைத் தலைவர் லோகநாயகி அம்மையாருடையது. மாணவர்கள் இந்த மைதானத்தில் நான்கு சுவர் எழுப்பி ஓர் அறை கட்டுவார்கள். ஆசிரியர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். அந்த அறையிலேயே மையம் இயங்கும். மாலையில் திறப்பு விழா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நானே போய், அங்கே கிடைத்த கொத்துக்கரண்டிகளையும், சுவரின் நேர் பார்க்க ஒரு தூக்குக்குண்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

காலையில் மாணவி ஜெயஸ்ரீ முதல் செங்கல்லை எடுத்து வைத்தாள். கொஞ்சம் கோணலாக வைத்தாள். லோகநாயகி அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. "இப்படிக் கொடும்மா, நான் காட்டுறேன்."

போச்சு! அவையோரே, எங்கள் ஆசிரியர் குலத்தைப் பிடித்து ஆட்டும் நோய் அது! இப்படிக் கொடு, நான் காட்டுறேன்! இயற்பியல் பேராசிரியர் கொடு என்றார், வேதியியல் பேராசிரியர் கொடு என்றார், நூலகர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொடு என்றார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? சிமெண்டுக் கலவைக்குத் தண்ணீர் ஊற்றினேன். சொல்லை அளந்து போடுகிற கை, தண்ணீரையும் அளந்து ஊற்றும் என்று நம்பினேன். கலவை ரசமாகிவிட்டது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஓரமாக நின்று குறிப்பெடுத்தார்கள்! செய்முறை வகுப்பு ஐயா, செய்முறை வகுப்பு!

அப்போதுதான் டீன் பார்வையிட வந்தார். "தூக்குக்குண்டை அப்படியா பிடிக்கறது? இப்படிக் கொடுங்கோ, நான் காட்டறேன்" என்று நடுவில் போய் நின்றார். நின்றவரைச் சுற்றிச் சுவர் எழுந்தது. இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, தலையையும் தாண்டியது. மணி அடித்தது. மணி அடித்தால் ஆசிரியர்கள் என்ன செய்வோம்? கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

உள்ளேயிருந்து ஒரு குரல். "கதவு எங்கே?"

லோகநாயகி அம்மையார் அசரவில்லை. "சார், சுவர் நாலாவது யூனிட். கதவு, ஜன்னலெல்லாம் அஞ்சாவது யூனிட்லதான் வருது."

பட்டம் பெற்ற பெற்றோர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! ஐந்தாம் அலகை உங்களுக்கு யாராவது நடத்தினார்களா? "அத நீங்களே படிச்சுக்கோங்க" என்றுதானே சொன்னார்கள்? தலைமுறை தலைமுறையாகச் சுவரைச் சொல்லிக்கொடுத்தோமே, கதவைச் சொல்லிக்கொடுத்தோமா?

ஏணி போடலாமே என்கிறார் அந்த ஐயா. போடலாம். ஏணியைச் சாய்த்தால் சுவரும் சாயும். கலவை நான் கலந்தது. கூரை போடாதது ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று. பொன்னாடையை மேலிருந்து எறிந்தோம், காபியைக் கயிற்றில் இறக்கினோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தில் ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு, பொன்னாடை போர்த்திய ஒருவர் பெட்டிக்குள் உலாத்துவது தெரியும்.

இதோ, தலைவர் உரையாற்றுகிறார். கேளுங்கள். "மிஸ்டர் துளசிங்கம்! வெளியே வந்ததும் நான் போடற முதல் கையெழுத்து, உங்க சென்டரை மூடறதுக்குத்தான்!"

கைதட்டாதீர்கள், அது மிரட்டல்!

மூடட்டும் என்கிறீர்களா? என் பதவி போனால் என் மனைவி பொங்கல் வைப்பாள். ஆனால் இந்தப் பிள்ளைகள்? மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து, கதவின் படத்தை வரைந்து, அதற்குப் பாகம் குறித்து, அதற்கு மதிப்பெண் வாங்கி, ஒரு கதவைக்கூட நிறுத்தத் தெரியாமல் வெளியே போவார்களே! அதற்கா பெற்றீர்கள்? அதற்கா வளர்த்தீர்கள்?

என்ன தம்பி தீனா, கையைத் தூக்குகிறாய்? மைக்கில் சொல்.

"சார், மேலருந்து ஒண்ணொண்ணா நாங்களே கழட்டிர்றோம் சார். நீங்கள்லாம் கைய கட்டிக்கினு சும்மா குந்துங்க. அது போதும்."

கேட்டீர்களா பெருமக்களே! கட்டுங்கள் கைகளை! முனைவர்களே, கட்டுங்கள்! துறைத் தலைவர்களே, கட்டுங்கள்! நூலகரே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள்! என் கையும் துடிக்கிறது. அதனால்தான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்.

தீனா பெஞ்சில் ஏறிவிட்டான். முதல் செங்கல் வருகிறது. கரண்டியே வேண்டாம், என் கலவைக்கு விரல் போதும். தீனா எடுக்க, ஜெயஸ்ரீ வாங்கி அடுக்குகிறாள். ஐயையோ, பக்கத்துச் சுவர் ஆடுகிறது! லோகநாயகி அம்மா, உட்காருங்கள்! தாய்மார்களே, அம்மையாரைப் பிடியுங்கள்! "இல்ல சார், அவளுக்குத் தெரியாது, நான் ஒரே ஒரு தடவ..." வேண்டாம் அம்மா! அவளே பார்க்கிறாள். யோசிக்கிறாள். இன்னொரு பெஞ்சை நிமிர்த்திச் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறாள். நின்றது! சுவர் நின்றுவிட்டது! இதை எந்தப் பலகையில் எழுதிக் காட்டினோம்?

தோள் தெரிகிறது. இடுப்பு தெரிகிறது. டீன் தாண்டி வந்துவிட்டார்! வாருங்கள் ஐயா, வாருங்கள். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளைகள் திறந்த வாசலின் ஓரத்தைப் பார்க்கிறார். பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தொட்ட கை, ஓரத்தைச் சீராக்க ஜெயஸ்ரீ எடுத்த கரண்டியை நோக்கிப் போகிறது.

"ஓரத்தை இப்படியா விடறது? இப்படிக் கொடும்மா, நான்..."

"சார்," என்கிறான் தீனா. "கை."

டீன் அவனைப் பார்க்கிறார். வாசலைப் பார்க்கிறார். மெல்ல, மிக மெல்ல, கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்காருகிறார்.

ஐயா, அந்தக் கையெழுத்து?

"கையைக் கட்டிண்டிருக்கேனே, எப்படிப் போடறது? ஓரத்தை அவங்க முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

ஜெயஸ்ரீ, அவசரமே இல்லையம்மா! வருடக்கணக்கில் முடி!

உள்ளேயிருந்து தலைமை தாங்கிய டீனுக்கும், அம்மையாரைப் பிடித்து வைத்த தாய்மார்களுக்கும், ஐந்தாம் அலகை எங்களுக்கு நடத்திக்காட்டிய இந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி. பேராசிரியப் பெருமக்களே, இப்போது கைகளை அவிழ்க்கலாம். தட்டுவதற்கு மட்டும்! தட்டிவிட்டு மறுபடியும் கட்டிக்கொள்ளுங்கள். நானும் மைக்கை விட்டுவிட்டுக் கும்பிடுகிறேன். வணக்கம்!