பட்டினத்து வாசலில் நிற்கும் ஜீப்

— இன்னொரு தடவ ஸ்டார்ட்டரை மிதிங்க பாய். காலை எடுக்காம மிதிங்க.

— மிதிச்சு மிதிச்சு செருப்பு வாரு அறுந்துடும் போலருக்கு பாலகுரு. இஞ்சின் சுத்துது, புடிக்க மாட்டேங்குது. விட்டுத் தள்ளுங்க, இது இனிமே தேறாது.

— கெழவனை அப்படித் திட்டாதீங்க. பர்மா சண்டையைப் பாத்துட்டு வந்த ஒடம்பு இது. முன் சக்கரம் வேலை செய்யலேன்னு காலையில என்ன பேச்சு பேசுனீங்க? எண்ணெய விட்டு, கம்பியைத் தட்டி, முன்ன பின்ன உருட்டுனதும் லிவர் விழுந்துச்சா இல்லையா? கடக்கரை உப்பு ஏறி இறுகிப் போயிருந்துச்சு, அவ்வளவுதான். இனிமே நாலு சக்கரமும் இழுக்கும். எவ்வளவு சேறா இருந்தாலும் ஏறிடுவான்.

— மொதல்ல கெளம்பட்டும், அப்புறம் ஏறட்டும்.

— என்னங்க, ஆச்சா?

— கைரு, தூத்தல்ல ஏன் வந்து நிக்கிறே? உள்ளே போ.

— உள்ளே இருந்து என்ன செய்யச் சொல்றீங்க? உம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு அண்ணன் ஆள் அனுப்பி எவ்வளவு நேரமாச்சு! கைருவையும் மாப்பிள்ளையையும் கண்ணால பாத்துடணும்னு சொல்லுதாம். வேற ஒன்னும் கேக்கலையாம்.

— பஸ்ஸு ஏதும் போகலையா தங்கச்சி?

— எங்க உம்மா இருக்க பட்டினத்துக்கு இந்தாண்ட வாய்க்கா ஒடச்சுக்கிட்டு ரோட்டையே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுண்ணே. போன பஸ்ஸு திரும்பி வந்துடுச்சு. மாட்டு வண்டி எறங்குனா அச்சு வரைக்கும் முங்குதாம். இந்த ஜீப்பை விட்டா எனக்கு வேற வழி இல்ல.

— அதான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்ல? வாசல் வரைக்கும் கொண்டு போயி விடுறேன். நீ உள்ளே போயிப் பாரு. நான் வண்டியில இருப்பேன்.

— சாகக் கெடக்குற மனுஷி உங்களைத்தான் பாக்கணுங்குது.

— எனக்கு மட்டும் நெஞ்சு கல்லா கைரு? என்னைப் பெத்த அத்தா போட்ட சத்தியம். அவர் மவுத்தாகிக் கண்ணை மூடி வருஷம் கூடத் திரும்பல, அதுக்குள்ள நான் மீறுனா ஊரு என்னன்னு பேசும்? பாலகுரு, நீங்க வேலையைப் பாருங்க.

— பாத்துக்கிட்டுதான் இருக்கேன் பாய். பொறுங்க, பொறுங்க. இந்த பிளக் ஒயரை இஞ்சின் மேல ஒட்டாம புடிச்சிருக்கேன். இப்ப மிதிங்க... ம், போதும். பொறி வரல. பேட்டரி நல்லாருக்கு, பெட்ரோல் வருது, பொறிதான் இல்ல. எங்கேயோ கரண்டு அறுந்து கெடக்கு. ஆமா, அந்தச் சத்தியம் என்ன சமாச்சாரம்? இத்தனை வருஷம் பெரியவர்ட்ட பழகியிருக்கேன், கேட்டா வாயே தொறக்க மாட்டாரு.

— எங்க கல்யாணத்துல நடந்தது. நாங்க நாலு பேரு ஒரே தாலத்துல உக்காந்து சாப்புடுவோம்ல, சஹன்னு?

— எனக்கும் ஒரு தடவ அதுல எடம் போட்டிருக்காரு பெரியவரு. நெய்ச்சோறு!

— மொத சஹன் மாப்பிள்ளையோட அத்தாவுக்குத்தான் வைக்கணும். இவ வீட்டு ஆளுங்க என்ன பண்ணுனாங்க? அன்னிக்குத்தான் சைகோன் கப்பல்லேருந்து எறங்குன எவரோ ஒரு பெரிய மனுஷர், பட்டுத் தொப்பி போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. அவரையே மாப்பிள்ளையோட அத்தாவா நெனச்சு கையப் புடிச்சு உக்கார வச்சுட்டாங்க. எங்க அத்தா ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு.

— அது தெரியாம நடந்த பிசகுங்க. உம்மா கூடப் பொறந்த எங்க மாமு பின்னாடியே ஓடி வந்து மாப்பு கேட்டாங்க.

— கேட்டாரு, இல்லேங்கல. ஆனா அதுக்குள்ள அத்தா சபை நடுவுல சொல்லிட்டாரு. இந்த வாசப்படியை நானும் மிதிக்க மாட்டேன், என் புள்ளையும் மிதிக்க மாட்டான்னு. சொன்ன சொல்லை முழுங்குற ஆளா அவரு?

— அந்தக் கோவத்துல என்னையும்தான் அனுப்பல. புதுசா வந்தவ, ராத்திரியெல்லாம் அழுவேன். அப்புறம் இந்த ஜீப்புதான் எனக்குக் கண்ணைத் தொறந்துச்சு.

— ஜீப்பா?

— இவங்க அத்தா, எங்க மாமா, வியாழக்கிழமையானா நாகூர் தர்காவுக்கு ஜியாரத்துக்குப் போவாங்கல்ல? நீயும் வாம்மான்னு கூப்புடுவாங்க. பட்டினம் தாண்டுறப்ப, சரியா எங்க உம்மா வீட்டு வாசல்ல வந்து வண்டி நின்னுடும்.

— அட, அந்தப் பட்டினத்துச் சீக்கு! அதை ஏன் ஞாபகப்படுத்துறே தங்கச்சி? ஆளை வச்சுக் கூப்புட்டு வுடுவாரு. நான் சைக்கிளை மிதிச்சுக்கிட்டு இங்கேருந்து ஓடுவேன். போயி நான் கையை வச்சதும், ஒரே மிதியில புடிச்சுக்கும்! உன் கைராசி பாலகுருன்னு தட்டிக் குடுப்பாரு. நானும் பாயின்ட்டை மாத்துனேன், கண்டென்சரை மாத்துனேன், பெட்ரோல் பம்பைப் பிரிச்சு மாட்டுனேன். அடுத்த வியாழக்கிழமை திரும்ப அதே வாசல்!

— நின்ன ஒடனே மாமா என்னைத்தான் பாப்பாங்க. இந்தச் சனியன் புடிச்ச வண்டியால பொம்பளப் புள்ள வெயில்ல நிக்கக் கூடாது, எந்த வீடா இருந்தா என்ன, உள்ளே போயி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாம்பாங்க. அவங்க மட்டும் எறங்க மாட்டாங்க. தொப்பியை மூஞ்சி மேல கவுத்துக்கிட்டு வண்டியிலயே சாஞ்சிருப்பாங்க. நான் உம்மா மடியில படுத்துட்டு, வட்லாப்பம் சாப்புட்டுட்டு வருவேன். அண்ணனைக் கூப்புடாத நாள்ல, சூடு ஆறிடுச்சு போலம்மான்னு சொல்லி, பிஸ்மி சொல்லி மிதிப்பாங்க. வண்டி கெளம்பிடும். நாகூர் எசமான் துவாதான்னு நான் நெனச்சுக்குவேன்.

— துவாவும் இல்ல, ஒன்னும் இல்ல. ஓட்டை வண்டி. அத்தா இருந்தவரைக்கும் பட்டினத்துல மட்டும்தான் நிக்கும். இப்ப என் கைக்கு வந்ததும் கடைத்தெருவுல நிக்குது, பாலத்து மேல நிக்குது, பள்ளிவாசல் முன்னாடி நிக்குது. ஒரு குலுக்கு குலுக்குனா போதும்.

— இப்ப என்ன சொன்னீங்க பாய்?

— குலுக்குனா நின்னுடுதுன்னேன்.

— அது இல்ல. அவர் இருந்தப்ப பட்டினத்துல மட்டும்னீங்களே. சூட்டுல நிக்கிற வண்டின்னா எங்கயும் நிக்கணுமே? வாசப்படி பாத்து நிக்கிற சீக்கு எந்த வண்டிக்கும் கெடையாது. நான் ஒரு மடையன், இவ்வளவு நாளா இது தோணல பாருங்க. பொறுங்க, பொறுங்க. இந்தச் சின்ன பல்பை வச்சு ஒயரு வழியாவே போயிப் பாக்குறேன். பேட்டரியில எரியுது. சாவிக்கு இந்தப் பக்கம் எரியுது. அந்தப் பக்கமும் எரியுது. பொறி குடுக்குற காயிலுக்கு வந்தா... எரியல. சாவிக்கும் காயிலுக்கும் நடுவுல கரண்டு எங்கேயோ போயிடுது.

— ஒயரு அறுந்திருக்கும்.

— அறுகல. நேரா வர வேண்டிய ஒயரு, போர்டுக்கு அடியில சுத்திக்கிட்டு இந்த இடது ஓரத்துக்குப் போகுது. அமெரிக்காக்காரன் இப்படி வைக்கல, நானும் வைக்கல. மேல தார்ச் சணல்ல இறுக்கிக் கட்டியிருக்கு. இந்த முடிச்சைப் பாருங்க, நம்ம பக்கத்து மெக்கானிக் எவனும் இப்படிப் போட மாட்டான்.

— எங்க? தள்ளுங்க... யா அல்லா. இது தோணி முடிச்சு பாலகுரு. பாய்மரக் கயித்துல போடுறது. இழுக்க இழுக்க இறுகும், ஒரு நுனியைத் தட்டுனா அவுந்துக்கும். அத்தா சின்ன வயசுல தோணியில போனப்ப கத்துக்கிட்டது. என்னை மடியில உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்திருக்காரு. இது அவர் கைதான்.

— அப்ப இதுவும் அவர் வச்சதுதான். ஓட்டுறவர் இடது மொழங்காலுக்குப் பக்கத்துல, உள்ளுக்குள்ள. பக்கத்துல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது. கையை விட்டுப் பாருங்க. வீட்டு லைட்டுக்குப் போடுற சுவிட்சு! திருகாணி தளந்து ஆடுது. அதான் ஒங்ககிட்ட வந்ததும் குலுக்குற எடத்துலயெல்லாம் நிக்குது.

— அப்படீன்னா... அத்தாவேதான் நிறுத்துனாரா?

— மொழங்காலால ஒரு தட்டு, வண்டி நின்னுடும். திரும்ப ஒரு தட்டு, கெளம்பிடும். என்னை சைக்கிள்ல ஓட விட்டதெல்லாம் நாடகம். நான் எவ்வளவு நேரம் கழிச்சு வர்றேனோ அவ்வளவு நேரம் தங்கச்சி உள்ளே இருக்கலாம்ல? ஐயோ பெரியவரே, என்னைக் கூட இப்படி ஏமாத்திட்டீங்களே!

— மாமா... அவங்களை நான் எவ்வளவு கரிச்சுக் கொட்டியிருக்கேன். கல்லு மனசு, வாசல்ல உக்காந்துக்கிட்டு உள்ள வராத மனுஷன்னு. இந்த வண்டிக்குத்தான் துவா கேட்டேன், அவங்களுக்குக் கேக்கலையே.

— அழாதே கைரு.

— தங்கச்சி கண்ணைத் தொடச்சுக்கம்மா. சுவிட்சைத் தூக்கிட்டு ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி விட்டா இப்பவே போயிடலாம். பாய், இன்னுமா ஒங்களுக்கு யோசனை? பெரியவர் மனசு என்னன்னுதான் தெரிஞ்சு போச்சே.

— தெரிஞ்சுது பாலகுரு. மருமவளை அனுப்புனாரு. சரி. ஆனா அவர் எறங்கலையே? சாகுற வரைக்கும் அந்தப் படியை அவர் மிதிக்கல. எனக்கும் சேத்துத்தானே சொன்னாரு? நான் வாசல்லதான் உக்காரணும். அவர் உக்காந்த மாதிரியே.

— அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கண்ணே.

— எதைம்மா?

— அந்தச் சுவிட்சை. அழுக்கைத் தொடைங்க... இது பீங்கான். ஓரத்துல நீலப் பூ போட்டிருக்கா?

— ஆமா, இருக்கு. நீ எப்படிச் சொன்னே?

— எங்க அத்தா சைகோன்லேருந்து ஜோடியாக் கொண்டாந்தது. ஒன்னு உம்மா ரூம்புல இருக்கு, இன்னொன்னு கூடத்துல இருந்துச்சு. கல்யாணம் ஆகி நான் மொத மொதல்ல இந்த ஜீப்புல போயி எறங்குனப்ப, கூடத்துல சுவிட்சு இருந்த எடத்துல ரெண்டு ஒயருதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு. சுவிட்சு எங்கே உம்மான்னு கேட்டேன். நல்ல காரியத்துக்குப் போயிருக்கு, திரும்பி வரும்போது வரட்டும்னு சிரிச்சுச்சு. வேற வாங்கி மாட்டவே இல்ல. இன்னிக்கும் அந்தக் கூடத்துல அரிக்கேன் விளக்குதான்.

— என்ன சொல்றே கைரு? அவங்களா குடுத்தாங்க? அத்தாகிட்டயா?

— உம்மா கதவுக்குப் பின்னாடி நின்னு குடுத்திருக்கும். மாமா வாசல்ல நின்னு வாங்கியிருப்பாங்க. ரெண்டு பேரும் சேந்துதாங்க என்னை எறக்குனாங்க. வியாழக்கிழமைன்னா எனக்கு வட்லாப்பம் எப்படித் தயாரா இருந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது.

— பாய், ஒயரை முறுக்கட்டுமா?

— முறுக்குங்க. சுவிட்சைப் பத்திரமாக் கழட்டி என் கையில குடுங்க பாலகுரு. கைரு, நீ ஏறி உக்காரு. அத்தா அந்த வீட்டுலேருந்து வாங்குன பொருளு இது, நான்தான் உள்ளே போயி அந்தக் கூடத்துல மாட்டணும்.