மூச்சை அடக்கி நீந்தியவள்

எண்பதுகளின் தொடக்கத்தில், தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பா, அம்மா, நடுவில் மகள். ஈப்போ பள்ளி ஹாஸ்டலிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"மூச்ச அடக்குனா உடம்புக்கு நல்லதுன்னு எந்த ஊர்ல சொல்றாங்க?" என்றார் அம்மா.

"நீச்சல் மாஸ்டர்தாம்மா சொல்றாரு. மூச்சு எடுக்காம நீந்துனா ஆக்சிஜன் குறையும். அப்போ செல்லெல்லாம் கொஞ்சத்த வச்சே வேலை செய்யப் பழகிக்குமாம்."

"செல்லா? டார்ச்லைட்டுல போடுறதா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. உடம்பு பூரா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிலா பழக்குறாரு?"

"எனக்கும் சரியா வெளங்கலப்பா. மலைக் காத்துல ஆக்சிஜன் கம்மியாம். மலை எஸ்டேட்ல வளந்த புள்ளைக்கு ஏற்கனவே பழகியிருக்கும்னாரு."

"பழகியிருந்தா ஏன் தண்ணிக்குள்ள மயங்குன?" என்றார் அம்மா.

"தெரியலம்மா. தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு. அப்புறம் யாரோ முடியப் பிடிச்சு இழுத்தாங்க."

வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறியது.

"நீச்சல் போட்டிக்குப் போகாதன்னு சொல்லல," என்றார் அப்பா. "மூச்சு எடுத்தே நீந்தட்டும், தோத்தாலும் பரவால்லன்னு மாஸ்டர்கிட்ட நான் பேசுறேன்."

"நானே சொல்லிட்டேன்பா. பயமா இருந்தா போட்டிக்கு வேற புள்ளயப் பாத்துக்கறேன்னுட்டாரு."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார் அம்மா நிம்மதியாக.

மகள் அழ ஆரம்பித்தாள். அம்மா திகைத்து அப்பாவைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் ஊரான ரிங்லெட் வந்ததும் மகளின் பையை அப்பாவே தூக்கிக்கொண்டு இறங்கினார்.