தானாக விழும் கட்டைவிரல்

— பெட்டியைக் கட்டாத தம்பி. இங்க பாரு, முதல்ல நான் சொல்றதைக் கேளு.

— விடுங்கக்கா. கடைசி நாள், சிரிச்ச முகமா அனுப்பி வையுங்க.

— கடைசி நாளாவது மண்ணாவது! மேனேஜர்கிட்டப் பேசிட்டுத்தான் வரேன். சாயங்காலத்துக்குள்ள 'ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கறேன்'னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா, பழையதைக் கிழிச்சுப் போட்டுடறேன்னுட்டார்.

— போன வாரம் நீங்களே சரின்னீங்க, இப்ப நீங்களே தடுக்கறீங்க. 'வேலையை விட்டுடலாம்னு இருக்கேன், என்னக்கா சொல்றீங்க'ன்னு சாட்ல கேட்டேன். அடுத்த நொடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீங்க.

— அதைச் சொல்லத்தான் வந்தேன். 

— ஒரு நிமிஷம்க்கா, கால் வருது... லிஃப்ட் சர்வீஸ், சொல்லுங்கம்மா. எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் நடுவுல? சரி. கதவைத் தள்ளாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார். அழறது யாரு, குழந்தையா? ஃபோனை அதுகிட்டக் குடுங்க. கண்ணு, உனக்கு என்ன பாட்டு தெரியும்? பாடு, மாமா கேக்கறேன். எங்கயும் போகமாட்டேன், லைன்லயேதான் இருக்கேன்... ஆங், திறந்துடுச்சா? பாத்து இறங்குங்கம்மா... சொல்லுங்கக்கா.

— இப்படி ஒருத்தனை நான் எங்க போய்த் தேடுவேன்?

— என்னமோ சொல்ல வந்தீங்களே.

— அந்தக் கட்டைவிரல் என்னோடது இல்ல.

— பின்ன?

— பிரௌசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கேன். சாட்ல எது வந்தாலும் அதுவே கட்டைவிரலைப் போட்டுடும். நான் படிக்கக்கூட வேண்டாம்.

— ம்.

— ஐயோ சாமி, அப்படிப் பாக்காதடா. பதில் போடலேன்னா என் பேர் பக்கத்துல சிவப்பு விழும், மேனேஜர் கூப்பிட்டுக் கத்துவார். மெக்கானிக் கிளம்பினான், வண்டி நின்னுது, டீ குடிச்சான், அத்தனைக்கும் 'பாத்தேன், பாத்தேன்'னு தட்டித் தட்டி விரலே தேஞ்சு போச்சு. அது வந்தப்புறம்தான் மூச்சு விட்டேன். நிஜமா ஏதாவதுன்னா கூப்பிடுவீங்கன்னு இருந்துட்டேன். நேத்து மேனேஜர், 'உங்களைக் கேட்டுத்தான் எழுதிக் குடுத்தானாமே'ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. திறந்து பாத்தா, உன் கேள்வி, கீழ அந்தப் பாழாப்போன விரல். உன் பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனேடா.

— இன்னும் கொஞ்சம் மேல தள்ளிப் பாத்தீங்களா?

— இல்லையே. மேல என்ன இருக்கு?

— இதோ, என் ஃபோன்லயே பாருங்க. சத்தமா படிங்க.

— 'அக்கா, அம்மாவை ஐசியூல சேத்திருக்கு. கையும் ஓடல, காலும் ஓடல. ஒரே ஒரு நிமிஷம் ஃபோன் பண்றீங்களா...' தம்பி!

— அதுக்குக் கீழ என்ன?

— என்னை அடிச்சுடுடா, இப்படிக் கேக்காத. அம்மா... இப்ப எப்படி?

— வீட்டுக்கு வந்துட்டாங்க. இடது கையும் காலும் வரலை. பேச்சு குழறுது.

— நாலு மேசை தள்ளி உக்காந்திருக்கேன், தெரியாதே! 'தினமும் கேன்டீன்லயே சாப்பிடறியே, அம்மாகூடச் சண்டையா'ன்னு கிண்டல் வேற பண்ணினேனே!

— பண்ணீங்க. நானும் சிரிச்சேன்.

— வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னதுக்குத்தானே விரல் வந்துது. என்ன கல்நெஞ்சுன்னு அழுகையா வந்துது. அப்புறம் சந்தேகப்பட்டு வெறும் புள்ளி ஒண்ணு வச்சுப் பாத்தேன். அதுக்கும் விரல். அன்னிக்கே புரிஞ்சுது, அந்தப் பக்கம் ஆளே இல்லேன்னு.

— அப்போ, வேலையை விடட்டுமான்னு கேட்டது?

— அதுக்கு அப்புறம்தான்.

— மெஷின்தான் சரின்னு சொல்லும்னு தெரிஞ்சா கேட்டே?

— தெரிஞ்சேதான். எப்பவாவது கண்ணுல படாதா, எந்திரிச்சு வந்து 'போகாதடா'ன்னு ஒரு அதட்டல் போடமாட்டீங்களான்னு, உங்க மேசையையே பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு நாள் பாத்துட்டு, எழுதிக் குடுத்துட்டேன்.

— இப்ப வந்துட்டேனேடா! நேத்து அதைப் பாத்ததுலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல. இனிமே எதுன்னாலும் நானே படிப்பேன், நானே பேசுவேன். சத்தியமா. அந்த ரெண்டு வரியை எழுதுடா, கெஞ்சிக் கேக்கறேன்.

— எழுதிட்டேனேக்கா.

— எழுதிட்டியா? யாருக்கு?

— உங்களுக்குத்தான். காலையில வந்ததும் அனுப்பினேன். உங்க ஃபோனைத் திறந்து பாருங்க.

— இரு, இரு... 'போக மனசு வரல. இருந்துடட்டுமாக்கா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, சரின்னா என் மேசைக்கு ஒரு தடவை வாங்க.' அட கண்ணா! இதைப் பாத்துட்டுத்தான்...

— பாக்கலக்கா, நீங்க. கீழ பாருங்க, அதே விரல். அந்த எக்ஸ்டென்ஷனை இன்னும் எடுக்கவே இல்லையா?