சோத்தாங்கைப் பக்கம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. என் முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். அவள் மடியில் தூக்குவாளி. அவள் புருஷனுக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் ஆபரேஷன் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"ரெண்டு கிட்னியிலயும் கல்லு இருக்காம்க்கா. வலிக்கிற பக்கத்த மொதல்ல எடுப்போம்னு டாக்டர் சொல்லுதாரு."

"எந்தப் பக்கம்னு அவுககிட்ட கேட்டாங்களா?"

"நேத்து ராத்திரி ஊசி போட்டு அரை மயக்கத்துல கெடந்தாரு. நாந்தான் காதுகிட்ட போய்க் கேட்டேன். 'சோத்தாங்கைப் பக்கம்'னாரு. டாக்டர்கிட்ட வலதுன்னு சொல்லிட்டேன்."

அவள் தூக்குவாளியைச் சீட்டில் வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏலே, ஒங்க அத்தான் எந்தக் கையில சோறு திங்காக?"

தம்பி யோசித்தான்.

"பந்தியில பக்கத்துல உக்காந்தா அவரு கை என் கையில இடிக்கும்."

"ஏன் இடிக்கும்?"

"அவருதான் நொட்டாங்கையில..."

அவன் சீட்டை விட்டு எழுந்துவிட்டான்.

"அவுகளுக்கு அதாம்ல சோத்தாங்கை!"

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது.

"அண்ணாச்சி, மெதுவாப் போகச் சொல்லுங்க! ஆஸ்பத்திரிக்குப் போன் போடணும்!"

தம்பி கண்டக்டரிடம் இப்படிக் கத்திவிட்டுப் படியிலிருந்து குதித்துத் தபாலாபீசைப் பார்த்து ஓடினான். அவள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள்.

"ஏலே, இடதுன்னு மட்டும் சொல்லு! சோத்தாங்கைன்னு சொல்லிராத!"

பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.